எழும்பூரில் இறங்கி சென்ட்ரலில் ஏறுவது: ஒரே ஊரில் இரண்டு விமான நிலையங்கள்

இந்த முறை ஒரு கணக்கோடு ஆரம்பிக்கிறேன். (பி.காம். படிப்பவன் வேறு எதோடு ஆரம்பிப்பான்?)

துபாயில் இருந்து ஒருவர் வந்து இறங்குகிறார். அடுத்து அவர் மதுரைக்குப் போக வேண்டும். மதுரை விமானமும் அதே ஊரில் இருந்துதான் கிளம்புகிறது, ஆனால் இன்னொரு விமான நிலையத்தில் இருந்து. நடுவில் 50, 60 கிலோமீட்டர். இந்த இடைப்பட்ட பயணத்தின் செலவை யார் கணக்கில் எழுதுவது? விமானக் கம்பெனியா, அரசாங்கமா, பயணியா?

இந்தக் கேள்வி எனக்கு வந்ததற்குக் காரணம் எங்கள் ஊர். பெங்களூர் நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டினால் பெரிய ஏரியோடு வருமே, அந்தத் தாமல்தான். 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் வரும் என்று அறிவித்தார்கள். பரந்தூர் எங்களுக்குப் பக்கம். மீனம்பாக்கமும் மூடப்படாது, இரண்டும் சேர்ந்தே இயங்கும் என்றும் சொன்னார்கள். டீக்கடையில் எல்லோரும் நில விலையைப் பேசினார்கள். எனக்கு மட்டும் பாட்டியின் காசி யாத்திரை ஞாபகம் வந்தது.

பாட்டி பிறந்த ஊர் மாயவரம். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களோடு காசிக்குப் போனார்களாம். மாயவரத்தில் ஏறினால் மீட்டர் கேஜ் ரயில் எழும்பூரோடு நின்றுவிடும். வடக்கே போகும் அகலப்பாதை ரயில் சென்ட்ரலில். நடுவில் 2 கிலோமீட்டர்தான். "காசிக்குப் போன களைப்பை விட அந்த ரெண்டு மைல் களைப்புதான்டா பெருசு" என்பார் பாட்டி. மூட்டை, கூலிக்காரர் பேரம், குதிரை வண்டி, ரயில் போய்விடுமோ என்ற பயம்!

ஏன் இப்படி? சென்ட்ரல் 1873-ல் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி கட்டியது. எழும்பூர் 1908-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்காகத் திறக்கப்பட்டது. கம்பெனியும் வேறு, தண்டவாளத்தின் அகலமும் வேறு. எழும்பூரில் இருந்து பார்க் ஸ்டேஷன் வரை 1931 முதல் மின்சார ரயில் ஓடியது உண்மைதான். ஆனால் அங்கே இறங்கி, மூட்டையோடு சாலையைக் கடந்து சென்ட்ரலுக்குப் போக வேண்டும். இரண்டு நிலையங்களையும் மெட்ரோ நேராக இணைத்தது 2018-ல்தான். அதுவரை அந்த 2 கிலோமீட்டர் செலவு முழுக்கப் பயணியின் கணக்கில்.

சரி, விமானத்துக்கு வருவோம். இங்கே தூரம் மட்டும் பிரச்சினை இல்லை. ஒரே நிலையத்துக்குள் வெளிநாட்டு விமானம் மாறுகிறவர் பெரும்பாலும் அந்த நாட்டுக்குள் நுழையவே வேண்டாம். பெட்டியும் தானாகவே அடுத்த விமானத்துக்குப் போய்விடும். இரண்டு நிலையம் என்றால் குடியுரிமைச் சோதனை, தேவைப்பட்டால் விசா, பெட்டியை எடுப்பது, சுங்கம், சாலைப் பயணம், மறுபடி செக்-இன், மறுபடி பாதுகாப்புச் சோதனை. இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்கியிருந்து, நெரிசலில் மாட்டி இரண்டாவது விமானத்தை விட்டுவிட்டால், பொதுவாக அந்த இரண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பு கிடையாது. பணம் போச்சு.

லண்டன்காரர்கள் இதற்கு ஒரு வேடிக்கையான தீர்வு கண்டார்கள். ஹீத்ரோவுக்கும் கேட்விக்குக்கும் நடுவே 1978-ல் ஹெலிகாப்டர் விட்டார்கள்! சுமார் 15 நிமிடத்தில் போய்விடலாம். கீழே குடியிருந்தவர்கள் சத்தம் தாங்காமல் எதிர்த்தார்கள். எம்25 சுற்றுச்சாலை வந்ததும் 1986-ல் ஹெலிகாப்டர் நின்றது. அதன்பிறகு பயணிகள் பஸ்ஸில் போகிறார்கள்.

டோக்கியோவில் 1978-ல் நரிட்டா விமான நிலையம் திறந்தார்கள். நிலத்தை விட மறுத்த விவசாயிகளின் போராட்டம் அதற்குப் பல வருடம் முன்பே தொடங்கி ரத்தம் சிந்தும் அளவுக்குப் போயிருந்தது. வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் நரிட்டாவுக்குப் போயின, உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலும் பழைய ஹனேடாவிலேயே இருந்தன. ரயில் நரிட்டா முனையத்துக்குக் கீழேயே வந்தது 1991-ல். அதாவது 13 வருடம் கழித்து. 2010-ல் ஹனேடாவிலேயே வெளிநாட்டு விமானங்களுக்குப் புது முனையம் திறந்தார்கள்.

ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள் முக்கியமாகப் படிக்க வேண்டிய கதை கனடாவின் மான்ட்ரியல்.

1969-ல் அங்கே மிராபெல் என்ற இடத்தில் புது விமான நிலையம் என்று அறிவித்தார்கள். எடுத்த நிலம் சுமார் 97,000 ஏக்கர். சுமார் 10,000 பேர் வீடு, வயல் இழந்தார்கள். 1975 அக்டோபரில் திறப்பு விழா. வெளிநாட்டு விமானங்கள் மிராபெலில், உள்நாட்டு விமானங்கள் பழைய டோர்வாலில் என்று பிரித்தார்கள். இரண்டையும் நகரத்தோடு இணைக்க வேகமான ரயில் வரும் என்றார்கள். வரவே இல்லை. நெடுஞ்சாலை ஒன்றும் பாதியில் நின்றது.

பயணி என்ன செய்தார்? மான்ட்ரியலில் இறங்கி, பஸ் பிடித்து, ஊரைச் சுற்றி இன்னொரு நிலையத்துக்கு ஏன் போக வேண்டும்? டொரோன்டோவில் ஒரே இடத்தில் மாறிக்கொண்டார். 1997-ல் வெளிநாட்டு விமானங்கள் டோர்வாலுக்கே திரும்பின. 2004 அக்டோபரில் மிராபெலில் கடைசிப் பயணி விமானம். 2014-ல் முனையத்தை இடிக்கத் தொடங்கினார்கள். சரக்கு விமானங்களும் விமானத் தொழிற்சாலையும் மட்டும் மிஞ்சின.

நிலம்? 1980-களில் பெரும் பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்னும் சுமார் 11,000 ஏக்கரைத் திருப்பித் தருவதாக 2006-ல் அறிவித்தார்கள். அறிவிப்பு வந்து 37 வருடம் கழித்து! வயலை விட்டுப் போனபோது 40 வயதாக இருந்தவருக்கு அப்போது 77 வயது ஆகியிருக்கும்.

நம் நாட்டில் ஹைதராபாத்தும் பெங்களூரும் 2008-ல் இந்தச் சிக்கலை வேறு மாதிரி தவிர்த்தன. ஷம்ஷாபாத் திறந்ததும் பேகம்பேட்டையை, தேவனஹள்ளி திறந்ததும் எச்.ஏ.எல். நிலையத்தை அன்றாடப் பயணி விமானங்களுக்கு மூடிவிட்டார்கள். மும்பையில் அப்படி இல்லை. 2025 டிசம்பரில் நவி மும்பையில் விமானங்கள் பறக்கத் தொடங்கின, பழைய நிலையமும் இருக்கிறது. சென்னை யோசித்தது மும்பை வழியை.

மீனம்பாக்கத்துக்கு இடம் போதாது என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு பக்கம் அடையாறு, மறுபக்கம் பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகள், சுற்றிலும் வீடுகள். எங்கே நீட்டுவது? ஆனால் பரந்தூர் திட்டத்துக்கு 5,000 ஏக்கருக்கும் மேல் கேட்டார்கள். அதில் ஏரியும் நெல் வயலும் உண்டு. ஏகனாபுரம் மக்கள் 2022-லேயே மாலை நேரப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 2025-ல் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. பூந்தமல்லியில் இருந்து பரந்தூர் வரை சுமார் 53 கிலோமீட்டருக்கு மெட்ரோ நீட்டிப்புத் திட்டமும் அதே வருடம் பேசப்பட்டது. நல்லதுதான். ஆனால் மெட்ரோ வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பூந்தமல்லி வழி மீனம்பாக்கத்துக்குப் போகாது. ஒருவர் பெட்டியோடு வடபழனிப் பக்கம் போய் ரயில் மாற வேண்டும். அது நகரத்துக்குப் போகிறவருக்கான பாதை, விமானம் மாறுகிறவருக்கான பாதை அல்ல.

மான்ட்ரியல், டோக்கியோ இரண்டு கதையிலும் ஒரே வரிசையைப் பார்க்கிறேன். முதலில் நிலம் எடுத்தார்கள், பிறகு ஓடுபாதை, பிறகு முனையம், கடைசியில் இணைப்பு. டோக்கியோவில் தாமதமாகவாவது வந்தது, மான்ட்ரியலில் வரவில்லை. இணைப்பு வராத இடத்தில் நிலையமே வீணானது. எங்கள் வகுப்பில் இதை மூழ்கிய செலவு என்று சொல்லித் தருவார்கள், திரும்பி வராத பணம். பணத்துக்கு அந்தப் பெயர் பொருந்தும். ஏரிப் பாசனத்தில் மூன்று தலைமுறை உழுத வயலுக்கு எந்தப் பேரேட்டில் எந்தத் தலைப்பு?

அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். சென்னை, மும்பை, எந்த ஊராக இருந்தாலும் சரி, இரண்டாவது நிலையத்துக்கு ஒரு ஏக்கர் எடுப்பதற்கு முன்னால், முதல் நிலையத்தில் இறங்கும் ஒருவர் இரண்டாவதுக்கு எதில், எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு செலவில் போவார், அந்தச் செலவு யாருடையது என்று எழுதிக் காட்டட்டும். அதை எழுத முடியவில்லை என்றால் நிலத்தைத் தொட வேண்டாம்.

பாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "அங்கேயாவது மூட்டையைத் தூக்க ஆள் இருப்பானா?"