தவணையில் வாங்கிய கிடார்

ராக் கிடார் என்றால் நம்மில் பலருக்கு ஹென்ட்ரிக்ஸ், கிளாப்டன், ஜிம்மி பேஜ் என்று மூன்று நான்கு பெயர்கள் சட்டென்று வரும். அதோடு நின்றுவிடும். அந்த வரிசையில் தாராளமாக உட்காரக்கூடிய ஒருவர் அயர்லாந்தின் ரோரி கேலஹர். 1995 ஜூன் 14 அன்று, 47 வயதில் காலமானார். அவரைப் பற்றி இந்த மலரில் இரண்டு வார்த்தை எழுத ஆசை.

1948-ல் பாலிஷானன் என்ற சிற்றூரில் பிறந்து, கார்க் நகரில் வளர்ந்தவர். 1963-ல், 15 வயதில், அங்குள்ள ஒரு கடையில் பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றைத் தவணையில் வாங்கினார். விலை கிட்டத்தட்ட 100 பவுன். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. கடைசிவரை அதுதான் அவருடைய முக்கியமான கிடார். வியர்வை பட்டுப் பட்டு வர்ணமெல்லாம் உரிந்து, வெறும் மரம் தெரிந்தது. மனுஷன் மறுபடி வர்ணம் பூசவே இல்லை.

நம்ம ஆட்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் அவர் வைத்திருந்த சாதனங்கள் ரொம்ப எளிமையானவை. வாக்ஸ் ஏசி30 என்ற 30 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர். அதற்கு முன்னால் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சின்னப் பெட்டி. உள்ளே ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், கூடச் சில உதிரி பாகங்கள், அவ்வளவுதான். மேல் ஸ்தாயி அதிர்வெண்களைப் பெருக்கி அனுப்பும். வால்வுகள் திணறி, அந்தத் திணறலே இசையாகும். இந்த சத்தம் எப்படி வருகிறது என்று அவரிடமே போய்க் கேட்டார் ஒரு மாணவர். ரோரி ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார். அந்த மாணவர்தான் பின்னாளில் குயீன் குழுவின் பிரையன் மே.

திறமைக்கு அங்கீகாரமே இல்லை என்று சொல்ல முடியாது. 1972-ல் மெலடி மேக்கர் பத்திரிகையின் வாசகர்கள் அவருக்கு முதலிடம் தந்தார்கள். 1975 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன்ஸ் அவரை ராட்டர்டாமுக்கு அழைத்து வாசித்துப் பார்த்தது. முடிவுக்காகக் காத்திராமல், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஜப்பான் கச்சேரிகளுக்குக் கிளம்பிவிட்டார். வானொலிக்காகத் தனிப்பாட்டு இசைத்தட்டு வெளியிடுவதும் அவருக்குப் பிடிக்காது. பெயர் பரவாமல் போனதற்கு இவையெல்லாம் காரணம்.

ஆனால் பெல்ஃபாஸ்ட் நகரம் அவரை மறக்கவில்லை. 1970-களில் குண்டுவெடிப்புகளுக்குப் பயந்து பல குழுக்கள் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. ரோரி தொடர்ந்து போனார். கத்தோலிக்க இளைஞர்களும் புராட்டஸ்டன்ட் இளைஞர்களும் அல்ஸ்டர் மண்டபத்தில் ஒன்றாக உட்கார்ந்து கேட்டார்கள். வெளியே அது நடக்காத காலம்! 1974 ஜனவரியில் அங்கும் டப்ளினிலும் கார்க்கிலும் நடந்த கச்சேரிகள்தான் 'ஐரிஷ் டூர்' இசைத்தட்டுக்கு அடிப்படை.

கடைசி வருஷங்கள் சோகமானவை. மதுவும், விமானப் பயத்துக்காகச் சாப்பிட்ட மாத்திரைகளும் ஈரலைக் கெடுத்தன. லண்டனில் மாற்று ஈரல் பொருத்தியும், கிருமித்தொற்றினால் உயிர் போயிற்று.

அந்தக் கிடார் 2024 அக்டோபரில் லண்டனில் ஏலம் போனது. கட்டணங்கள் உட்பட 8,89,400 பவுன்! வாங்கியவர்கள் அதை அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 2025 ஜனவரியில் அல்ஸ்டர் மண்டபத்தின் வாசலில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். சிலை வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பேன்.

இதைப் படிக்கும் நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 'ஐரிஷ் டூர்' முழுவதையும் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் சத்தமாகவே வைக்கலாம். வீட்டில் திட்டு வாங்கினால் நான் பொறுப்பில்லை!