மீஞ்சூர்ப் பகுதியின் நீர் வரலாறும் மனநலமும்

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த மீஞ்சூர், தமிழக நீரியல் ஆய்வுகளில் மிகுதியாகப் பேசப்பட்ட ஊர்களுள் ஒன்று. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொணர்ந்து சேர்த்த மணற்படுகை இதன் நிலத்தடியில் பரந்துள்ளது. அப்படுகை நன்னீரை இழந்த வரலாறு விரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. எனினும் அதன் அளவை குளோரைடாகவே இருந்துவந்துள்ளது. நீரியல் அட்டவணையில் கவலைக்கு இடமில்லாதது இயல்பே. ஆனால் வரலாற்றாய்வு அந்த அட்டவணையோடு நின்றுவிட வேண்டியதில்லை.

1944இல் கட்டிமுடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் கொசஸ்தலையாற்று நீரைச் சென்னைக்குத் திருப்பியது. 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் நிகழ்ந்த ஆய்வு, அதே ஆற்றுப்படுகையின் நிலத்தடி நீரையும் நகரின் இருப்பாகக் கண்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தொகுதிகள் அமைந்தன. மணலியில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை முதலியவற்றின் தேவைக்கும் இப்பகுதி நீர் சென்றது. உழவர்களின் மோட்டார்களும் இதே படுகையிலிருந்தே இறைத்தன. பழியை நகரின்மீது மட்டும் சுமத்துவது பொருந்தாது. எடுக்கும் அளவு ஊறும் அளவை விஞ்ச, நன்னீரின் அழுத்தம் குறைந்த வழியே கடல்நீர் உட்புகுந்தது. 1969இலேயே அடையாளம் காணப்பட்ட இவ்வூடுருவல், கடற்கரையிலிருந்து 10 கி.மீ.க்கும் அப்பால் பரவியதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் (ஒழுங்குமுறை) சட்டம் 1987இல்தான் வந்தது.

உவர்ந்த நீரில் பருப்பு சரியாக வேகாது, சோப்பு நுரைக்காது, தாகத்துக்கு அது உதவவே உதவாது. கிணறு வற்றவில்லை, ஆயினும் வீடு நீரற்றதாகிறது. இங்கு இழந்தது நீரின் சுவை மட்டுமன்று. எப்போது, எவ்வளவு இறைப்பது என்ற முடிவு அதுவரை வீட்டாரிடம் இருந்தது. பின்னர் அது தெருக்குழாய் திறக்கும் நேரத்துக்கும், லாரியின் வருகைக்கும், கேனின் விலைக்கும் உரியதாயிற்று. மனநல நோக்கில் இம்மாற்றமே முதன்மையானது.

இக்கருத்துக்கு வலுவான ஒப்பீடு தொலைவிலுள்ள பொலிவியாவிலிருந்து கிடைக்கிறது. கோச்சபம்பா நகரின் ஏழைக் குடியிருப்பொன்றை ஆராய்ந்து ஆம்பர் வூட்டிச், கேத்லீன் ராக்ஸ்டேல் ஆகியோர் 2008இல் வெளியிட்ட கட்டுரை, கிடைக்கும் நீரின் அளவைவிட அதைப் பெறும் வழியும் அதற்காகப் பிறரை அண்டி நிற்க வேண்டிய நிலையுமே மனத்துயரோடு நெருங்கிய தொடர்புடையவை என்று கண்டது. 2019இல் உருவாக்கப்பட்ட வீட்டு நீர்ப் பாதுகாப்பின்மை அளவுகோலின் 12 வினாக்களுள் கவலை, சினம், நாணம் பற்றியவையும் உள்ளன. ஒடிசாப் பெண்களிடையே நிகழ்ந்து 2015இல் வெளியான ஆய்வு, கழிப்பிடத் தேவை தரும் உளநெருக்கடி வாழ்க்கைப் பருவந்தோறும் வேறுபடுவதைக் காட்டியது. தமிழக வீடுகளிலும் குடத்தின் பொறுப்பு பெரும்பாலும் பெண்ணுடையதே. நல்ல நீரை அளந்து செலவிடும் வீட்டில் குடிப்பதும் சமைப்பதும் முதலிடம் பெறும். குளியலும் மாதவிலக்குக்காலத் தூய்மையும் பின்னுக்குத் தள்ளப்படும். இக்குறையை அவள் வெளியே சொல்வதும் அரிது.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்க வறட்சியில் சென்னைக் குடிநீர் வாரியம் இவ்வாற்றுப்படுகையின் பாசனக் கிணறுகளிலிருந்து நீரை விலைக்கு வாங்கியது. கிணற்று உடைமையாளர்க்கு அது உறுதியான வருவாய். அவர்கள் நிலத்தில் கூலிவேலை செய்தோர்க்கோ பயிரோடு வேலையும் போயிற்று. ஒரே ஊரின் நீர் ஒருவர்க்கு நிம்மதியாகவும் மற்றவர்க்கு நாளைய உணவு பற்றிய அச்சமாகவும் பிரிந்தது. நீர்ப் பற்றாக்குறையால் ஊர் முழுதும் ஒரே வகையில் வருந்தியதாக எழுதும் வழக்கம் இப்பிளவை மறைத்துவிடுகிறது.

2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை செயற்படத் தொடங்கியது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீரைத் தரவல்ல அது, 25 ஆண்டு ஒப்பந்தத்தில் தனியார் முதலீட்டில் அமைந்தது. நீரை வாங்குவது சென்னைக் குடிநீர் வாரியம். ஆலைக்கு வழங்கும் பெயர் மீஞ்சூர் ஆலை என்பதே. அதன் நீர் குழாய்வழி வடசென்னைக்குச் செல்கிறது.