மர்மத் தொடர் விவாத மரபு

துப்பறியும் தொடர்கள், அமானுஷ்யத் தொடர்கள், சூப்பர் ஹீரோ தொடர்கள் ஆகியவற்றின் பாத்திரங்களையும் கதைப்போக்கையும் பார்வையாளர்கள் தமக்குள் அலசிப் பேசும் வழக்கம். கொலை செய்தது யார், ஏன் செய்தார், அடுத்த வாரம் என்ன நடக்கும், கிடைத்த தண்டனை நியாயமா என்பவை இதன் நிலையான கேள்விகள். தமிழகத்தில் இவ்வழக்கம் 1990களின் பிற்பாதியில் ‘மர்மதேசம்’ தொடரோடு முழு உருவம் பெற்றது. அதற்கு உரமிட்ட பழைய மரபுகள் பலவற்றைச் செட்டிநாட்டிலும் அதையொட்டிய திருக்கோஷ்டியூர் வட்டாரத்திலும் காணலாம்.

முன்வரலாறு

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள திருக்கோஷ்டியூர் 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. தம் ஆசாரியரான திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பெற்ற மந்திரப் பொருளை இராமானுசர் எல்லோரும் அறியச் சொன்ன தலம். இரணியனை ஒழிக்கும் வழியைத் தேவர்களும் முனிவர்களும் கூடி ஆலோசித்தது இங்கேதான் என்கிறது தலபுராணம். பகலிலும் இரவிலும், வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும், மனிதராலும் விலங்காலும் சாகாத ஒருவனை எப்படிக் கொல்வது? நரசிம்மக் கதையின் முடிச்சு இதுதான். வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் தம் காவியத்தில் அமைத்து, வீடணன் இராவணனுக்குச் சொல்வதாகப் பாடினார்.

அந்தக் கம்பனை முன்வைத்துத்தான் பாத்திர விவாதம் தமிழ்நாட்டில் பொதுமேடை ஏறியது. சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அதன் விழாக்களில் பட்டிமண்டபம் சிறப்பிடம் பெற்றது. குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் நடுவராக அமர, கும்பகருணனா வீடணனா, கைகேயி குற்றவாளியா இல்லையா என்ற வகைக் கேள்விகளை அறிஞர்கள் கட்சி கட்டி வாதிட்டார்கள். திரளாக வந்த மக்கள் வாதங்களை வீட்டுத் திண்ணை வரை கொண்டுபோனார்கள். ஒரு பாத்திரத்தின் செயலுக்கு என்ன காரணம், அந்தக் காரணம் போதுமா என்று கேட்கும் பழக்கம் இப்படி வேரூன்றியது.

அச்சும் திரையும்

ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ (1908) துப்பறியும் கோவிந்தனைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்தது. பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் – வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக் – ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா, சுபாவின் நரேந்திரன் – வைஜயந்தி ஆகியோர் வீட்டு மனிதர்களைப் போலவே பேசப்பட்டார்கள். இவர்களில் பலர் வார இதழ்த் தொடர்கதைகளின் வழியாக வளர்ந்தவர்கள். ‘தொடரும்’ என்று முடிந்த பக்கத்துக்கும் அடுத்த இதழுக்கும் இடையில் கிடைத்த ஏழு நாள்களே விவாதத்துக்கான காலம்.

காரைக்குடியைச் சேர்ந்த ஏவி. மெய்யப்பனின் ஏவி.எம். நிறுவனம் தயாரித்து, எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) பாடலே இல்லாமல் வந்த கொலைமர்மப் படம். ஒரே கொலையைப் பலர் பார்வையில் சொல்லும் இப்படம், ஜப்பானியத் திரைப்படமான ‘ரஷோமோன்’ தந்த தூண்டுதலில் உருவானது. நாட்டைக் காட்டிக்கொடுத்த கணவனை மனைவி சுட்டது சரியா என்ற அதன் இறுதிக் கேள்வி இன்றும் பட்டிமண்டபத்துக்கு உகந்தது.

சூப்பர் ஹீரோ ரசனைக்கு வாசல் திறந்தது சிவகாசி. அங்கிருந்து 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் அவன் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். பிரிட்டிஷ் சித்திரக்கதை ஒன்றின் தமிழாக்கமான இவனைத் தமிழ்ச் சிறுவர்கள் தங்கள் நாயகனாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

மர்மதேசம்

சென்னைத் தொலைக்காட்சி 1975-இலும் சன் டிவி 1993-இலும் தொடங்கின. இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளைக் கொண்டு, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த ‘மர்மதேசம்’ 1990களின் பிற்பாதியில் வாரம் ஒருமுறை ஒளிபரப்பானது. ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ ஆகிய பகுதிகளை நாகா இயக்கினார். நவபாஷாண லிங்கத்தைச் சுற்றி ‘ரகசியம்’ நகர்ந்தது. ‘விட்டுவிடு கருப்பா’ என்ற நாவலே ‘விடாது கருப்பு’ ஆயிற்று.

இக்கதையில் இரவில் குதிரை மீது வரும் கருப்பு, ஊரில் தவறு செய்தவர்களைத் தண்டிக்கிறது. வருவது தெய்வமா, வேடமிட்ட மனிதனா? சிவகங்கைச் சீமையில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. பதினெட்டாம்படிக் கருப்பரும் சங்கிலிக் கருப்பரும் இங்கே பல குடும்பங்களின் குலதெய்வங்கள். அய்யனாருக்கு மண்குதிரை செய்து சுமந்து செல்லும் புரவி எடுப்பு ஊர்தோறும் நடக்கும் திருவிழா. கருப்பர் முன்னால் பொய் சொல்ல அஞ்சும் மக்களுக்கு அந்தக் குதிரைக்காரர் வெறும் கதாபாத்திரம் அல்லர். எல்லையைக் காக்கும் சாமி. ஆகவே ‘யார் கொலையாளி’ என்ற துப்பறியும் கேள்வி, ‘தண்டிக்கும் உரிமை யாருக்கு’ என்ற அறக்கேள்வியாக விரிந்தது. இறுதியில் கதை பிளவுண்ட ஆளுமை என்ற மனநோய் விளக்கத்தைத் தந்தது. நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் இடையே பார்வையாளர் தாமே நின்று முடிவெடுக்கும்படி விட்டதே இத்தொடரின் சாதனை.

இதே கூட்டணியில் வந்த ‘சிதம்பர ரகசியம்’ நாடி சோதிடத்தைக் களமாக்கியது. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானபோது, பலரும் அவரை நினைவுகூர்ந்தது ‘மர்மதேசம்’ பெயரைச் சொல்லித்தான்.

சூப்பர் ஹீரோ தொடர்கள்

தூர்தர்ஷன் 1997 செப்டம்பரில் ஒளிபரப்பத் தொடங்கிய ‘சக்திமான்’ இந்தித் தொடர் என்றாலும் தமிழ்ச் சிறுவர்களிடமும் புகழ் பெற்றது. சக்திமானைப் போலச் செய்யப்போய்ச் சிறுவர்கள் ஆபத்தில் சிக்குகிறார்கள் என்ற கவலை நாடெங்கும் எழ, நாயகன் முகேஷ் கன்னாவே திரையில் அறிவுரை சொன்னார். பார்வையாளர் பேச்சு ஒரு தொடரின் உள்ளடக்கத்தையே மாற்றியதற்கு இது சான்று. தமிழிலும் பார்க்கக் கிடைத்த மலையாளப் படம் ‘மின்னல் முரளி’ (2021), மதுரைக்காரரான குரு சோமசுந்தரம் நடித்த ஷிபு பாத்திரத்தால் விவாதத்தைத் திசைதிருப்பியது. நாயகனுக்கும் வில்லனுக்கும் மின்னல் தாக்கியே ஆற்றல் கிடைக்க, ஒருவனை மட்டும் ஊர் ஒதுக்கித் தள்ளியது ஏன் என்று ரசிகர்கள் கேட்டார்கள்.

இணையத் தொடர்கள்

நாள்தோறும் ஓடும் மெகா சீரியல்கள் பெருகியபோது வார இடைவெளி மறைந்தது. இணையத் தளங்கள் எல்லா எபிசோடுகளையும் ஒரே நாளில் தந்தன. புஷ்கர் – காயத்ரி எழுதிய ‘சுழல்’ (2022) மயானக் கொள்ளைத் திருவிழாவோடு ஒரு சிறுமி காணாமற்போன வழக்கைப் பின்னியது. அதே ஆண்டு வந்த ‘வதந்தி’, கொலையுண்ட பெண்ணின் நடத்தையை ஊர் எப்படியெல்லாம் கதைகட்டிப் பேசுகிறது என்பதையே பொருளாக்கிக்கொண்டது. ஊகம் சொல்லி மகிழும் ரசிகரை நோக்கியும் அது விரல் நீட்டுகிறது. இக்காலத்தில் ‘ஸ்பாய்லர் சொல்லாதே’ என்பது விவாதத்தின் முதல் ஒழுக்கமாகிவிட்டது.

மதிப்பீடு

தமிழ் ரசிகர் விவாதத்தில் இரண்டு இழைகள் தொடர்ந்து ஓடுகின்றன. ஒன்று, தடயங்களைக் கோத்து முடிச்சவிழ்க்கும் அறிவு. மற்றொன்று, குற்றவாளியின் பக்கத்தையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் மனம். முதலாவதைத் துப்பறியும் கதைகள் வளர்த்தன. இரண்டாவதைப் பட்டிமண்டபமும் காவல்தெய்வ வழிபாடும் தந்தன. இரண்டையும் சேர்த்து எழுப்பிய தொடர்களே நிலைத்திருக்கின்றன. ‘மர்மதேசம்’ இன்றும் யூடியூபில் பார்க்கக் கிடைக்கிறது. அதன் முதல் ஒளிபரப்புக்குப் பின் பிறந்த தலைமுறையும் ‘கருப்பு யார்’ என்று விவாதிக்கிறது.