தமிழ்ப் பொப்பிசை

தமிழ்ப் பொப்பிசை என்பது திரைப்படத்துக்காக அல்லாமல், மேடைக்கும் இசைத்தட்டுக்கும் என்றே கிதார், டிரம்ஸ், பொங்கோ முதலிய கருவிகளுடன் எளிய பேச்சுத்தமிழில் பாடப்பட்ட பாட்டு வகை. 1960களின் பிற்பகுதியில் இலங்கையில் தோன்றியது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 'பாப்' என்று எழுதுவதை இலங்கைத் தமிழர் 'பொப்' என்று எழுதுவர். வகையின் பிறப்பிடம் அங்கே என்பதால் இக்கட்டுரையும் அவ்வாறே எழுதுகிறது. துள்ளிசை என்ற பெயரும் உண்டு. மேலைநாட்டு ராக் இசையின் தமிழ்ப் படி இது என்று சிலர் சொல்வது பொருந்தாது. எல்விஸ் பிரெஸ்லியும் பீட்டில்ஸும் கொடுத்தவை கிதாரும் தலைமுடியும்தான். தாளம் அவர்களுக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே கப்பலில் வந்து இறங்கிவிட்டது.

முன்வரலாறு: பைலா

போர்த்துக்கீசர் 1505இல் இலங்கைக் கரையை அடைந்தனர். 1658இல் யாழ்ப்பாணத்தை டச்சுக்காரரிடம் இழந்து வெளியேறினர். இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டில் அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து படைவீரராகவும் ஏவலாளராகவும் கொண்டுவந்த மக்கள் காப்பிரியர் எனப்பட்டனர். அவர்களின் வழிவந்தோர் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். போர்த்துக்கீசரும் உள்ளூராரும் கலந்த வழியில் வந்தவர்கள் பறங்கியர். மட்டக்களப்புப் பறங்கியரின் வீடுகளில் போர்த்துக்கீசக் கலப்புமொழி அண்மைக்காலம் வரை புழங்கியது. பறங்கி என்ற சொல் நம் பக்கத்துக்கும் அந்நியமல்ல. புதுச்சேரியின் பாகூருக்குத் தெற்கே கடலோரமாகப் போனால் பறங்கிப்பேட்டை வருகிறது. சமையற்கட்டில் பறங்கிக்காய் இருக்கிறது.

காப்பிரியர், பறங்கியர் ஆகிய இவ்விரு மக்களின் கல்யாண ஆட்டப்பாட்டிலிருந்து எழுந்ததே பைலா. போர்த்துக்கீசத்தில் ஆடுதலைக் குறிக்கும் வினையே பெயராயிற்று. அதன் தாளம் மேலை முறைப்படி ஆறுக்கு எட்டு. நம் கணக்கில் திஸ்ர நடை. நொண்டிச்சிந்து கேட்டுப் பழகிய காதுக்கு இந்தத் தாளம் அவ்வளவு புதிதல்ல என்பதைத் தமிழர் அதை எளிதில் ஏற்றதற்கு ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

பைலாவில் பல உட்பிரிவுகள் உண்டு. காபிரிஞ்ஞா பழைய வடிவம். வாதப் பைலாவில் பாடகர்கள் எதிரெதிரே நின்று, கொடுத்த பொருளில் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டி ஒருவரை ஒருவர் மடக்குவர். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று நம் ஊர்களில் விடிய விடிய நடந்த லாவணிப் பாட்டுப்போட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூட்டமாகச் சேர்ந்து பல்லவி எடுக்கும் கோரஸ் பைலா மூன்றாவது. 1940களில் பைலாவைச் சிங்களத்தில் பரப்பிய வாலி பஸ்தியன் ஒரு போலீஸ்காரர். சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே பாட்டுக்குள் இடித்துக்கொண்டு நிற்பது பைலாவில் குறையாகக் கருதப்படுவதில்லை. பொப்பிசையின் மொழிநடை இங்கிருந்தே வந்தது.

தோற்றம்

பொப்பிசையைத் தமிழில் தொடங்கிவைத்தவர் நித்தி கனகரத்தினம். விவசாயம் படித்த மாணவராக இருந்தபோது நண்பர்களுக்காகக் கட்டிய பாட்டுகள் கல்லூரி மேடையிலிருந்து ஊர் மேடைக்குப் போயின. 'சின்ன மாமியே', கள் குடியைக் கண்டித்த 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இரண்டும் அவருடையவை. மாமியிடம் மகளைப் பற்றி விசாரிப்பதும், குடிகாரனுக்குப் புத்தி சொல்வதும் அதுவரை நாடகக் கோமாளியின் வேலையாக இருந்தன. அதைக் கிதார் ஏந்திய படித்த இளைஞன் எடுத்துக்கொண்டதே அந்நாளில் அதிர்ச்சி. அவர் பின்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். திருகோணமலையைச் சேர்ந்த எம். பி. பரமேஷ் 'உனக்குத் தெரியுமா' பாட்டை இசைத்தட்டாகவே வெளியிட்டார். இவருடையது காதல் கனிந்த மெல்லிசை, துள்ளல் குறைவு.

1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சி இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. தமிழ்நாட்டு வார இதழ்களும் அதில் அகப்பட்டன. வெளிச்சரக்கு குறைந்த அந்த ஆண்டுகளில்தான் உள்ளூர்ப் பாடகருக்கும் எழுத்தாளருக்கும் இடம் கிடைத்தது. பொப்பிசையின் செழிப்பான காலமும் அதுவே.

சுராங்கனி

அக்காலத்தின் பெரும்பெயர் ஏ. ஈ. மனோகரன். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்ற பட்டம் பெற்றவர். 1978இல் வெளிவந்த 'வாடைக்காற்று' என்ற இலங்கைத் தமிழ்ப் படத்தில் நடித்தார். சென்னைக்கு வந்து 'சிலோன் மனோகர்' என்ற பெயரில் தமிழ்ப் படங்களிலும் நடித்தார். மீன் கொண்டுவந்த சேதியைச் சொல்லும், சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி' அவரைக் கடல் தாண்டி அழைத்துவந்தது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்கு இளையராஜா இதைப் பயன்படுத்தினார். மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடினர். அதனால் இங்கே பலரும் இதைச் சினிமாப் பாட்டு என்றே நம்புகின்றனர். பொருள் புரியாமல் மொத்தத் தமிழ்நாடும் பாடிய பாட்டுகளில் இதற்கே முதலிடம் தரலாம். மனோகரன் 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார்.

வானொலியின் பங்கு

1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டை ஒதுக்கினார். நேயர்கள் ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினர். இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படைகளுக்காக அமைத்த வலுவான ஒலிபரப்பி 1949இல் இலங்கை வானொலிக்குக் கிடைத்திருந்தது. 1957இல் விவித் பாரதி தொடங்கிய பிறகும் தமிழ் நேயர்கள் முழுதாகத் திரும்பவில்லை. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களின் குரலுக்கு இந்தக் கரையில் சினிமா நட்சத்திரங்களுக்கு உள்ள மதிப்பு இருந்தது. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களும் அந்தக் கேட்பெல்லைக்குள்தான். இலங்கைப் பொப்பிசை இவ்வூர்களுக்கு இசைத்தட்டாக வரவில்லை. டீக்கடை ரேடியோவில் திரைப்பாட்டுகளுக்கு நடுவே வந்தது.

1983க்குப் பின்

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலை வன்முறைக்குப் பின் பாடகர்களும் கேட்பவர்களும் சிதறினர். பாட்டு கனடா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா எனப் புலம்பெயர்ந்தோரின் கல்யாண மண்டபங்களில் ஒதுங்கியது. அவ்வழியில் லண்டனில் வளர்ந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், 2009 பிப்ரவரி 8 அன்று நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் பாடினார். உலகப் பொப் வரலாற்றில் தமிழர் ஒருவரின் மறக்க முடியாத காட்சி அதுவே. ஆனால் அவர் பாட்டு ராப் வழியைச் சேர்ந்தது, துள்ளிசை ஆகாது.

தமிழ்நாட்டில் தனுஷ் பாடி 2011 நவம்பரில் இணையத்தில் பரவிய 'கொலவெறி', 2018இல் சென்னையில் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், 2021இல் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' ஆகியவை பிற்காலத்தவை. புதுச்சேரியின் சேதராப்பட்டுக்குக் கிழக்கே ஆரோவில்லில் பண்ணை நடத்தும் கிருஷ்ணா மெக்கன்சி, எமர்ஜென்ஸ் என்ற குழுவுடன் தமிழிலும் பாடிவருகிறார்.