திராட்சைக் கரையிலிருந்து நொய்யல் கரைக்கு

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே கொண்ட ஊரருகே காவிரியில் கலக்கிறது. இன்று சாயப்பட்டறைகளோடு சேர்த்தே பேசப்படும் இந்த ஆற்றின் கரை, 2,000 ஆண்டுகளுக்கு முன் மேலைக் கடலையும் காவிரியையும் இணைத்த பெருவழியாக இருந்தது. சேர நாட்டு முசிறித் துறையில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து வெள்ளலூர், கொடுமணல் வழியாகக் கரூரை அடைந்தது. அந்தப் பாதையின் மறுமுனை இத்தாலியில், நேப்பிள்ஸ் வளைகுடாவில் இருந்தது.

ரோமானியர் கம்பானியா என்று அழைத்த அந்தக் கடற்கரை, எரிமலை மண்ணில் கொடி படர்ந்த திராட்சை நாடு. மாசிகோ மலைச்சரிவின் ஃபலெர்னிய மது, சொரெண்டோ மது, வெசுவியஸ் அடிவாரத்துப் பொம்பெயி மது என்று ஒவ்வொரு சரிவுக்கும் தனிப் பெயர் இருந்தது. பாயேயில் ரோமாபுரிச் செல்வர்களும் காப்ரித் தீவில் பேரரசர்களும் ஓய்வு மாளிகைகள் கட்டியிருந்தார்கள். இவற்றுக்கு நடுவில்தான் கீழ்த்திசைக் கப்பல்கள் வந்து சேரும் புதெயோலி துறைமுகம், இன்றைய பொட்சுவோலி. கி.பி. 14-ல், இறப்பதற்குச் சில நாள் முன்பு, பேரரசர் அகஸ்டஸ் இந்தக் கரையை ஒட்டி நிதானமாகக் கடலுலா வந்தார். அப்போது அலெக்சாந்திரியாவிலிருந்து வந்து நின்ற ஒரு கப்பலின் மாலுமிகளும் பயணிகளும் வெள்ளாடை உடுத்தி, மாலை சூடி, சாம்பிராணி புகைத்து, தங்கள் பிழைப்பும் கடற்பயணமும் அவரால்தான் என்று வாழ்த்தினார்கள். மனம் மகிழ்ந்த அகஸ்டஸ் தம்முடன் வந்தவர்களுக்கு ஆளுக்கு 40 பொற்காசு கொடுத்து, அந்தக் காசில் அலெக்சாந்திரியச் சரக்கைத் தவிர வேறெதையும் வாங்குவதில்லை என்று உறுதிமொழி வாங்கிக்கொண்டார் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சூடோனியஸ். இந்தியாவின் மிளகும் மணியும் துணியும் ரோமாபுரிக்குப் போய்ச் சேர்ந்த வழி அலெக்சாந்திரியாதான்.

மது ஏறி வந்த கலம் ஆம்போரா: நீண்ட கழுத்து, இரண்டு கைப்பிடி, கூம்பிய அடிப்பாகம் கொண்ட சுடுமண் சாடி. கூம்பிய அடி இருந்ததால் கப்பலின் வயிற்றில் ஒன்றின் இடுக்கில் ஒன்றாகச் செருகி அடுக்க முடிந்தது. ஒரு சாடி ஏறத்தாழ 26 லிட்டர் கொள்ளும். மது கசியாமலிருக்க உட்புறம் பைன் மரப் பிசின் பூசி, வாயைத் தக்கையால் அடைத்து, மேலே சாந்து வைத்து முத்திரையிட்டார்கள். கம்பானியாவில் சுட்ட சாடியின் உடைந்த ஓட்டைக் கையில் எடுத்தால் உடைப்பில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புத் துகள்கள் தெரியும். அது எரிமலை மணல். முசிறி இருந்த இடமாகக் கருதப்படும் கேரளத்துப் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்த ஓடுகளில் பெரும்பங்கு நேப்பிள்ஸ் பகுதியைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் கண்டறியத் துணைநின்றது இந்தக் கறுப்பு மணல்தான்.

அந்தச் சாடிகளின் பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு கால அட்டவணையையே ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். மிக மென்மையான காற்றிலேயே புதெயோலியிலிருந்து அலெக்சாந்திரியாவுக்கு 9 நாளில் போய்ச் சேர்ந்த பயணம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். அங்கிருந்து நைல் நதியில் கோப்டோஸ் வரை 12 நாள். பிறகு பாலைவனம். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவில் ஒட்டகங்களை நடத்தி, தண்ணீர் உள்ள சாவடிகளில் பகலைக் கழித்து, செங்கடற்கரைப் பெரெனிகேயை அடைய மேலும் 12 நாள். கப்பல் அங்கிருந்து நடுக்கோடையில், ஜூலை வாக்கில் கிளம்பும். செங்கடலின் வாயிலான ஓசெலிஸ் வரை சுமார் 30 நாள், அதன்பின் பருவக்காற்றைப் பிடித்து முசிறிக்கு 40 நாள். கடற்கொள்ளையருக்குப் பயந்து கப்பலில் வில்லாளிப் படையையும் ஏற்றிச் சென்றார்கள். திரும்பும் பயணம் டிசம்பர் தொடக்கத்திலோ, தப்பினால் ஜனவரிப் பாதிக்குள்ளோ. அந்தப் பருவத்து வாடைக்காற்றைத் தவறவிட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

கொங்கு நாட்டாருக்கு இந்தப் பருவக்காற்று அந்நியமன்று. முசிறிக்குக் கப்பலைத் தள்ளி வந்த தென்மேற்குப் பருவக்காற்றுதான் பாலக்காட்டுக் கணவாயில் நெருக்குண்டு, பல்லடத்திலும் உடுமலையிலும் ஆடிக்காற்றாக வீசுகிறது. அந்த ஊர்க் காடுகளில் இன்று காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணமும் அதுவே.

பிளினியின் அட்டவணை ஏட்டுக்கணக்கு அல்ல என்பதற்குச் சாட்சி பாலைவனப் பாறையில் இருக்கிறது. கோப்டோஸிலிருந்து பெரெனிகே போகும் வழியில் வாதி மெனிஹ் என்ற இடத்தில் ஒரு குகைத்தாவாரம். நிழலுக்கு ஒதுங்கியவர்கள் அதன் சுவரில் தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போனார்கள். இந்தியாவிலிருந்து திரும்பி வருவதாகக் கி.மு. 2-ல் எழுதியவர் காயுஸ் நுமிதியுஸ் ஈரோஸ், மாதம் பிப்ரவரி-மார்ச். கி.பி. 6 ஜூலை முதல் வாரத்தில் எழுதியவன் லிசாஸ், அன்னியுஸ் புளோகாமுஸ் என்பவரின் அடிமை. அன்னியுஸ் குடும்பம் புதெயோலியின் வணிகக் குடும்பங்களில் ஒன்று. பிப்ரவரி-மார்ச் திரும்பும் காலத்தோடும் ஜூலை கிளம்பும் காலத்தோடும் ஒத்துப்போகின்றன.

இத்தனை தூரம் வந்த மதுவைக் குடித்தவர் யார்? யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் ஏந்திப் பருகி மகிழும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். புறநானூற்றின் 56-ஆம் பாட்டு. அது அரசனின் பானம். முசிறிக்கு மது வருவதைக் குறிப்பிடும் 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்க மாலுமிக் கையேடு, அளவு அதிகமில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அரிக்கமேடு, அழகன்குளம், பட்டணம் என்று ஆம்போரா ஓடுகள் கிடைத்த இடங்களில் பெரும்பாலானவை துறைமுகங்கள். உள்நாட்டில் சேரர் தலைநகரான கரூரில் சில கிடைத்தன. மதுவில் ஒரு பகுதி துறையில் தங்கிய யவனருக்கே சென்றிருக்கும். கொங்கு நாட்டில் யவன மது ஆறாக ஓடியது போல எழுதுவது மிகை. பனங்கள்ளும் நெல் தேறலும் இருந்த நாட்டில் சாமானியருக்கு அது தேவையும்பட்டிருக்காது.

கொங்கு நாட்டுக்குள் நிறைய வந்தது வெள்ளி. இந்தியாவில் ரோமானியக் காசுப் புதையல்கள் நெருக்கமாகக் கிடைத்த பகுதிகளில் பழைய கோவை மாவட்டம் முதன்மையானது. 1842-ல் வெள்ளலூரில் ஒரே புதையலில் 500-க்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகள் வெளிப்பட்டன. உடுமலைப் பக்கத்துப் பூதிநத்தத்தில் 1,000-க்கு மேல். நொய்யலை ஒட்டிய கத்தாங்கண்ணியிலும் ஒரு புதையல். இவற்றில் மிகுதி அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இரு பேரரசர்களின் தெனாரியஸ் காசுகள். திபேரியஸ் காசு நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடை. ஒருபுறம் மாலை சூடிய பேரரசரின் தலை, மறுபுறம் இருக்கையில் அமர்ந்த ஒரு பெண், கையில் செங்கோலும் கிளையும். 'இராயனுக்குரியதை இராயனுக்கு' என்று இயேசு சுட்டிக்காட்டியது இந்தக் காசைத்தான் என்பது பலரின் கருத்து. அதில் முகம் பதித்த திபேரியஸ் தம் ஆட்சியின் கடைசிப் பத்தாண்டுகளைக் காப்ரித் தீவிலேயே கழித்தார். மதுச்சாடிகள் கப்பலேறிய வளைகுடா அவர் மாளிகையிலிருந்து பார்வைக்கெட்டும் தொலைவு.

அந்த வெள்ளிக்குக் கொங்கு நாடு கொடுத்தவற்றுள் அரியது கல். திருப்பூர்–காங்கேயம் சாலையிலுள்ள படியூர், பெரில் என்னும் பச்சைக்கல்லுக்குப் பேர்போன இடம். 1819–20-லும் அங்கே சுரங்கம் வெட்டிக் கல் எடுத்தார்கள். தூய கடல்நீரின் பசுமை கொண்ட பெரிலே சிறந்தது, அது இந்தியாவில் விளைவது, வேறெங்கும் அரிது என்று எழுதிய பிளினி, அதை ஆறு பட்டையாகத் தீட்டுவதையும் குறிப்பிடுகிறார். சுரங்கத்துக் கல்லை மணியாக்கும் பட்டறைகள் நொய்யலின் வடகரையில் கொடுமணலில் இருந்தன. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் பாடிய கொடுமணம் இதுவே. 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் கா. ராஜன் நடத்திய அகழாய்வு முதல் அண்மை ஆண்டுகள் வரை அங்கே மணிகளும், பாதி வேலையில் நின்ற கற்களும், வீணான சில்லுகளும், இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்து வருகின்றன. பானை ஓடுகளில் நூற்றுக்கணக்கான ஆட்பெயர்கள் தமிழ் பிராமியில் கீறப்பட்டுள்ளன. பட்டறை ஊரில் இத்தனை பேர் தம் பெயரைப் பாத்திரத்தில் எழுதி வைத்திருந்தார்கள் என்பது, மன்னர் வரலாறு சொல்லாத ஒரு பெருஞ்செய்தி.

வணிகத்தின் நடைமுறை எவ்வளவு முதிர்ந்திருந்தது என்பதை வியன்னாவில் உள்ள ஒரு பாப்பிரஸ் ஏடு காட்டுகிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, முசிறிப் பயணத்துக்கு வாங்கிய கடன் தொடர்பான ஒப்பந்தம். சரக்கை ஒட்டகக்காரரிடம் யார் ஒப்படைப்பது, அலெக்சாந்திரியாவின் அரசுக் கிடங்கில் யார் முத்திரையில் வைப்பது, நான்கில் ஒரு பங்கு சுங்கம் கட்டுவது, தவணை தவறினால் என்ன ஆவது என எல்லாம் அதில் உண்டு. ஏற்றுமதிக் கடனும் கப்பல் ஆவணமும் கையாளும் திருப்பூர்க்காரர் எவருக்கும் அந்த ஏட்டின் கவலைகள் உடனே புரியும்.

கி.பி. 79-ல் வெசுவியஸ் வெடித்தது. பொம்பெயியும் சுற்றுப்புறத் திராட்சைத் தோட்டங்களும் புதைந்தன. மிசேனும் துறையில் கடற்படைத் தலைவராக இருந்த பிளினி, மக்களை மீட்கக் கப்பலோடு போய் அங்கேயே இறந்தார். முசிறிப் பயணத்தின் நாட்கணக்கை அவர் எழுதி முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கம்பானிய மது அதன்பின் பழைய நிலையை எட்டவில்லை. பின்வந்த நூற்றாண்டுகளில் முசிறி வணிகம் மெலிந்தது. கொடுமணல் பட்டறைகளும் ஓய்ந்தன.

இத்தாலிக்கும் நொய்யல் கரைக்கும் மறுபடி நேர்த்தொடர்பு ஏற்பட்டது 1978-ல். வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர் வழியாகத் திருப்பூருக்கு வந்து வெள்ளை டி-ஷர்ட் வாங்கினார். பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர் ஏற்றுமதிக்குத் திரும்ப அது வழி திறந்தது. 1981-ல் ஐரோப்பியக் கடை நிறுவனமான சி அண்ட் ஏ வந்தது. பிறகு திருப்பூர்க்காரர்களும் இயந்திரக் கண்காட்சிக்காக மிலானுக்குப் போகத் தொடங்கினார்கள். பெட்டிச் சரக்கு தூத்துக்குடியில் ஏறி, ஏடன் வளைகுடா, செங்கடல், சூயஸ் வழியாக இத்தாலி சேர்ந்துவந்தது. 2023 இறுதியில் பாப் எல் மண்டெப் நீரிணையருகே கப்பல்கள் தாக்கப்படவே, பல கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கின; ஐரோப்பாவுக்கான பயணம் ஏறக்குறைய இரண்டு வாரம் நீண்டது. பிளினியின் ஓசெலிஸ் இருந்தது அந்த நீரிணையின் ஓரத்தில்.