பேராக் மனிதன், குவா சா: பழைய எலும்பும் டிஎன்ஏ-வும் சொல்வது என்ன?

பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில், குவா குனோங் ருந்துஹ் என்ற குகையில் 1991-ஆம் ஆண்டு ஏறக்குறைய முழுமையான ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. பேராசிரியர் சுரைனா மஜிட் தலைமையிலான மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு தோண்டி எடுத்த அதற்கு 'பேராக் மனிதன்' என்று பெயர். 10,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது.

அவருடைய வழித்தோன்றல்கள் இன்று யார்? எலும்பை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

எலும்பு சொல்வது

ஆனால் எலும்பு சொல்லும் விஷயமும் கொஞ்சநஞ்சமல்ல. அவர் ஆண். உயரம் சுமார் 157 செ.மீ. இறக்கும்போது 40 வயதைத் தாண்டியிருந்தார். இடது கையும் அதன் விரல்களும் பிறவியிலேயே வளர்ச்சி குறைந்தவை. வேட்டையாடித்தான் சாப்பிட வேண்டும் என்ற காலத்தில், அந்தக் கையோடு ஒருவர் அத்தனை வயது வாழ்ந்திருக்கிறார் என்றால், கூட இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

கால்களை மடக்கி, கல் கருவிகளோடும் ஆற்று நத்தை ஓடுகளோடும் அவரைப் புதைத்திருந்தார்கள். இன்றைக்கும் தேங்காய்ப்பாலில் சமைக்கிறார்களே, சிப்புட் செடுட், அதைப் போன்ற நத்தை. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது.

டிஎன்ஏ எடுப்பது ஏன் கடினம்?

சிக்கல் நம்முடைய வெயிலும் மழையும்தான். உயிர் போனதும் டிஎன்ஏ சிதையத் தொடங்கும். சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும். குளிரான சைபீரியாவில், டெனிசோவா குகையில் கிடைத்த சின்ன விரல் எலும்புத் துண்டை வைத்தே 2010-இல் இதுவரை அறியாத ஒரு மனிதக் கூட்டத்தை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். வெப்ப நாடுகளில் அப்படி நடப்பதில்லை. இந்தியாவின் ராக்கிகரியில் 61 மாதிரிகளைச் சோதித்து, ஒரே ஒரு பெண்ணின் மரபணுத் தொகுதியைத்தான் எடுக்க முடிந்தது.

அதனால் ஆய்வாளர்கள் முதலில் தேடுவது காதுக்கு உட்புறமுள்ள மண்டையோட்டு எலும்பைத்தான். உடலிலேயே மிக அடர்த்தியான எலும்புகளில் ஒன்று என்பதால் டிஎன்ஏ அதில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தோண்டியவரின் டிஎன்ஏ அதில் கலந்துவிட்டால்? பழைய டிஎன்ஏ துண்டு துண்டாக இருக்கும். ஓரங்களில் அதற்கே உரிய வேதியியல் சேதம் தெரியும். அதை வைத்துப் பிரித்துவிடலாம்.

கிளந்தானில் கிடைத்த விடை

கிளந்தானில் நெங்கிரி ஆற்றங்கரையில் உள்ள குகை குவா சா. அங்கே புதைக்கப்பட்டிருந்த, சுமார் 4,000 ஆண்டுக்கு முந்தைய ஒருவரின் டிஎன்ஏ-வை எடுத்துவிட்டார்கள். கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய அந்த ஆய்வு 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. லாவோசில் கிடைத்த, சுமார் 8,000 ஆண்டுக்கு முந்தைய எலும்பும் அதில் இருந்தது.

இரண்டு பேருமே வேட்டையாடி வாழ்ந்த ஹோவாபிஞ்ஞியன் பண்பாட்டைச் சேர்ந்தவர்கள். இன்றுள்ளவர்களில் அவர்களுக்கு நெருக்கமானவர்கள், வட தீபகற்பக் காடுகளில் வாழும் ஜெஹாய் பூர்வகுடியினரும், அந்தமான் தீவின் ஓங்கே மக்களும். 'நாங்கள் இங்கேயே இருந்தவர்கள்' என்று ஜெஹாய் மக்கள் சொல்வதற்கு ஆய்வுக்கூடச் சான்றும் கிடைத்தது என்று இதைச் சொல்லலாம்.

தமிழர்களுக்கும் இதில் ஒரு இழை உண்டு. தென்னிந்தியர்களின் மரபணுவில் ஒரு பங்கு, ஓங்கேக்களோடு தொலைதூர உறவு கொண்ட பழங்கால மக்களிடமிருந்து வந்தது. அதற்காக நாம் அந்தமானிலிருந்து வந்தோம் என்று அர்த்தமில்லை. பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிளை பிரிந்த சொந்தம் அது.

பூர்வகுடியினர் எல்லோரும் ஒரே கதை என்றும் நினைத்துவிடக் கூடாது. வடக்கிலிருந்து நெல் விவசாயிகளும், பிறகு கடல்வழியே ஆஸ்ட்ரோனேசிய மொழி பேசியவர்களும் வந்து கலந்ததை அதே ஆய்வு காட்டியது. செமினி, புரோகா பக்கம் வாழும் தெமுவான் மக்கள் பேசுவது மலாய் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. ஜெஹாய் மொழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பத்துமலையிலும் புதைபடிவங்கள்

தைப்பூசத்துக்கு நாம் போகும் அதே சுண்ணாம்புக் குன்றில், ஓராங் ஊத்தானின் பற்கள் கிடைத்திருக்கின்றன. 2013-இல் வெளியான ஆய்வின்படி அவை சுமார் 60,000 ஆண்டு பழமையானவை. இன்று காட்டில் ஓராங் ஊத்தான் இருப்பது போர்னியோவிலும் சுமத்ராவிலும்தான்.

பல் முக்கியம். பல் எனாமலில் உள்ள புரதம், டிஎன்ஏ அழிந்த பிறகும் நீடிக்கும். சீனாவில் கிடைத்த 19 லட்சம் ஆண்டு பழமையான ராட்சதக் குரங்கின் பல் ஒன்றிலிருந்து, அது ஓராங் ஊத்தானின் உறவு என்று 2019-இல் உறுதி செய்தார்கள்.

நெங்கிரி அணை

குவா சா இருக்கும் நெங்கிரிப் பள்ளத்தாக்கில் இப்போது நீர்மின் அணை கட்டப்படுகிறது. நீர் தேங்கும் பகுதியில் உள்ள குகைகளில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகக் குழு அவசர அகழாய்வு நடத்தி, 16 எலும்புக்கூடுகளை மீட்டது. அவற்றில் மிகப் பழையது பேராக் மனிதனுக்கும் முந்தையது. அங்கே வாழ்ந்த தெமியார் மக்களும் இடம்பெயர வேண்டியதாயிற்று. எலும்புகளை வெளியே எடுத்தாகிவிட்டது. அவை யாருடைய முன்னோர் என்பதற்கு, காதுக்குள் இருக்கும் அந்தச் சிறு எலும்பில் டிஎன்ஏ மிச்சமிருந்தால்தான் விடை கிடைக்கும்.