கயிறு இல்லை, நேசம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் வந்தால், தூரத்திலேயே கோபுரம் தெரிஞ்சிடும். பெரியாழ்வார் ஊர். இன்னைக்கு நான் பேசப்போறது, வைணவத் தமிழைக் கேட்டு வளர்ந்து கிறிஸ்தவரான ஒருத்தரைப் பற்றி.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-ல் நெல்லைக்குப் பக்கத்தில் கரையிருப்பில் பிறந்தவர். அப்போ ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலி ஜில்லாதான், 1910-ல்தான் பிரிஞ்சது. சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழ் ஆசிரியரா சேர்ந்தபோதும் அவர் வைணவர்தான். 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் வாங்கினார். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளாளர் வீட்டில் இது சின்ன விஷயமா? பந்தி, சம்பந்தம், சாவு வீட்டு உரிமை எல்லாமே கேள்வியாகிடும்.

மதம் மாறினார், படிச்ச தமிழை விடலை. ஜான் பனியனோட கதையைக் கம்பன் நடையில் 3,766 பாட்டா எழுதினார். ‘நற்போதகம்’ இதழில் 13 வருஷம் தொடரா வந்து, 1894-ல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ புத்தகமாச்சு. பிளஸ் டூ தமிழில் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணியிருப்பீங்க, பாவம்.

அதில் ஒரு இடம். இயேசுவைக் கட்டிவெச்சு அடிக்கிறாங்க. அவர் திருப்பி ஒரு கடுஞ்சொல் பேசலை. கவிஞர் நம்மகிட்ட சொல்றார்: அவரைக் கட்டியிருக்கிறது கயிறுன்னு நினைக்காதீங்க, தன்னைப் பகைச்ச ஜனங்க மேல அவர் வெச்ச நேசம்தான் அது.

உறவுகளை எதிர்த்து வந்த ஒருத்தர் எழுதினது இது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு யசோதை கையால் உரலில் கட்டுண்ட கண்ணன்தான் ஞாபகத்துக்கு வர்றான்.